நூற்றுப் பதினேழாம் எண்ணின் கட்சி

"உனக்கென்று சொந்தமாக ஏதாவது கருத்து இருக்கிறதா?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் பவானியிடம் கேட்டதில்லை. கேட்டவர் முனைவர் செந்தமிழ்செல்வன். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் இயங்கும் கட்சிப் பற்று அளவீட்டு நடுவத்துக்கு அவர்தான் இயக்குநர். கேட்கப்பட்டவள் குறிஞ்சிப்பாடியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பத்தொன்பது வயதுப் பெண். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

பவானி நன்றாக யோசித்துப் பார்த்தாள். வீட்டுச் சாம்பாரில் பெருங்காயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஒரு கருத்து இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இல்லீங்க சார்."

"அரசியலைப் பற்றி?"

"இல்லீங்க சார்."

"நாட்டைப் பற்றி?"

தலையை ஆட்டினாள்.

"என்னைப் பற்றி?"

இதற்கு அவள் வாயே திறக்கவில்லை. இயக்குநர் பூரித்துப்போனார். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் சிலம்பரசனிடம், "முந்தாநாள் ஒரு எம்.ஏ. வந்தான். இருபது நிமிடம் கருத்துச் சொன்னான். அவனை வைத்து நான் எதை அளக்க முடியும்? இந்தப் பெண்ணைப் பார், கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருக்கிறாள்" என்றார். பவானிக்கு வேலை அப்போதே கிடைத்தது. பதவியின் பெயர் கள ஆய்வாளர். மூன்று மாதம் தற்காலிகம். தனக்குக் கொடுத்த நாற்பது பேரையும் ஒருவர் விடாமல் கேட்டு முடித்தால் நிரந்தரம்.

அந்த நிரந்தரம் என்ற சொல்லைப் பஸ்ஸில் திரும்பும்போது அவள் பத்துத் தடவையாவது மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். அவள் அம்மா ஜெயராணி முந்திரிக் கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் போயிருந்தது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷினுக்கு அவளை அடையாளம் தெரியாது. பவானிக்கும் அம்மா கொட்டை உடைக்கும் கொட்டகையில் ஒரு இடம் பேசி வைத்திருந்தார்கள். நிரந்தரம் கிடைத்தால் அங்கே போக வேண்டாம்.

பயிற்சி மூன்று நாள் நடந்தது. முதல் நாள் முழுக்க முகத்துக்குப் பயிற்சி. பதில் சொல்பவர் எந்தக் கட்சியைச் சொன்னாலும் ஆய்வாளரின் புருவம் உயரக் கூடாது. உதடு பிரியக் கூடாது. தலை ஆடக் கூடாது. ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம், ஆனால் ருசிப்பதுபோல் தெரியக் கூடாது. தும்மல் வந்தால் இரண்டு கேள்விகளுக்கு நடுவில் தும்ம வேண்டும். ஒரு கட்சியின் பெயரைச் சொன்னதும் தும்மினால் அந்தப் படிவம் செல்லாது.

இரண்டாம் நாள் இயக்குநர் உரையாற்றினார்.

"இந்த நாட்டில் எல்லாவற்றையும் அளந்துவிட்டார்கள். நிலத்தை அளந்தார்கள். மழையை அளந்தார்கள். பாலில் தண்ணீரை அளந்தார்கள். ஒரு வாக்காளன் தன் கட்சிமேல் வைத்திருக்கும் பற்றை மட்டும் யாரும் அளக்கவில்லை. ஏன்? அதற்கான அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. அந்த அவசியத்தை உண்டாக்கியவர்கள் நாம்!"

கைதட்டினார்கள்.

படிவம் எளிமையானது. 'பொதுவாகச் சொன்னால், நீங்கள் உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைத்துக்கொள்கிறீர்கள்? குடைக் கட்சியா, ஊஞ்சல் கட்சியா, சீப்புக் கட்சியா?' ஒன்றைச் சொன்னால், 'மிக உறுதியாகவா, அவ்வளவு உறுதியாக இல்லையா?' என்று கேட்க வேண்டும். எந்தக் கட்சியும் இல்லை என்று சொன்னால், 'சரி, எது கொஞ்சமாவது நெருக்கம்?' அதற்கும் இல்லை என்றால் இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'எதுவும் இல்லை' என்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

"கட்சியே இல்லாத மனிதன் என்று ஒருவன் இல்லை. கேட்கத் தெரியாத ஆய்வாளன்தான் உண்டு" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரகசியம் நமக்கு உயிர். பதில் சொன்னவரின் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே போகாது. எண் மட்டும்தான் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் தெரு, வயது, தொழில், வீடு அல்லது கடைக்கான அடையாளம். அவ்வளவுதான். பெயர் கிடையவே கிடையாது."

பவானிக்கு இந்த ஒன்றுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் எல்லாருக்கும் ஊதா நிறத்தில் ஒரு தோள்பை கொடுத்துக் கடலூருக்கு அனுப்பினார்கள்.

முதல் வாசல் புஷ்பவள்ளி என்ற அம்மாள் வீடு. கதவைத் திறந்த அம்மாள் பவானியின் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். குடைக் கட்சியின் கொடியும் ஊதா.

"குடைதாம்மா. எப்பவும் குடைதான்."

"மிக உறுதியாகவா, அவ்வளவு உறுதியாக இல்லையா?"

"ரொம்ப ரொம்ப உறுதி. எங்க மாமனாரு காலத்துலருந்து. எழுதிக்கினியா? எம் மருமவ பேரு ரேசன் கார்டுல இன்னும் ஏறல. அதையும் ஓரமா எழுதிக்க."

அடுத்த வீட்டிலும் குடை. அதற்கடுத்த வீட்டிலும் குடை. ஒரு கிழவர் குடைக்கு ஓட்டுப் போட்டே தனக்கு முதுகு வளைந்துவிட்டது என்றார். சாயங்காலம் பவானி சிலம்பரசனிடம் மெல்லச் சொன்னாள்.

"சார், எல்லாரும் பையைப் பாத்துச் சொல்றாங்க."

சிலம்பரசன் இயக்குநருக்குப் போன் போட்டான். "பை என்பது பை. விஞ்ஞானம் பையைப் பார்க்காது" என்று பதில் வந்தது.

பத்தாவது நாள் பைகளுக்கெல்லாம் ஜிப் பிய்ந்துபோனது. நடுவம் புதுப் பை வாங்கியது. கடைக்காரரிடம் மொத்தமாகக் கிடைத்தது ரோஸ் நிறம்தான். ஊஞ்சல் கட்சிக் கொடியும் ரோஸ். மறுநாள் கடலூரில் குடைக் கட்சியைத் தேடினாலும் கிடைக்கவில்லை. பரம்பரை பரம்பரையாக எல்லாரும் ஊஞ்சலில்தான் இருந்தார்கள்.

சிதம்பரத்தில் இயக்குநர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு கட்டுரை இருந்தது. 'பதினோரே நாளில் பற்றுமாற்றம்: கடலூரில் ஒரு பேரலை.' காரணமும் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பதினோராம் நாள் கடல் காற்றில் ஈரப்பதம் ஜாஸ்தி. இனிமேல் ஒவ்வொரு படிவத்திலும் காற்றின் ஈரத்தைக் குறிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கு ஒரு கருவியும் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, மீட்டர் பார்க்க வந்திருப்பதாக நினைத்து இரண்டு வீட்டில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

பவானி ரோஸ் பையை வீட்டில் வைத்துவிட்டு, படிவங்களை ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற கவர். அன்றைக்குப் போன ஆறு வீட்டிலும், "நாங்க ஒண்ணுமில்லம்மா" என்றார்கள். அதற்குக் கட்டம் இல்லாததால் ஆறு வீட்டிலும், அவர்கள் அலுத்துப்போய் ஏதாவது ஒன்றைச் சொல்லும்வரை, இரண்டிரண்டு நிமிடமாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து உணர்ச்சி வெப்பமானி வந்தது. ஒரு அட்டையில் ஜுரமானிப் படம். கீழே பூஜ்யம், மேலே நூறு. ஒவ்வொரு கட்சிமேலும் உங்களுக்கு எத்தனை டிகிரி அன்பு இருக்கிறது என்று கேட்க வேண்டும். வெண்மதி என்ற நர்ஸ் வீட்டில் பவானி அட்டையை நீட்டினாள்.

"வாயிலயா, கக்கத்துலயா?" என்று கேட்டாள் வெண்மதி.

"மனசுலங்க."

"மனசுல நூறு இருந்தா ஆசுபத்திரிக்குப் போவணும்மா. தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலு போடு. அதான் நார்மலு."

"எந்தக் கட்சிக்குங்க?"

"எல்லாத்துக்கும் போடு. நல்லா இருக்கட்டும்."

அந்தத் தெரு முழுக்க அதையே சொன்னது. மூன்று கட்சிமேலும் சரிசமமாகத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு டிகிரி அன்பு காட்டும் மக்கள் உலகத்திலேயே கடலூரில்தான் இருக்கிறார்கள் என்று நடுவம் அறிவித்தது.

முப்பத்து மூன்றாவது ஆளாக வந்தவர் ராமாமிர்தம். சின்னதாக ஒரு டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வாசலில் மூன்று கொடியும் வரிசையாகப் பறந்தன.

"நான் குடை. எந்தம்பி ஊஞ்சலு. எம் பொண்டாட்டி சீப்புல மகளிரணி" என்றார்.

"ஒரே வீட்லயாங்க?"

"பின்ன? நாளைக்கு எவன் வந்தாலும் வீட்லருந்து ஒருத்தராவது சால்வையோட போயி நிக்க வாணாமா? தேர்தல் முடிஞ்சா மாத்திக்குவோம். போன தடவை நான் சீப்பு. அலைச்சல் ஜாஸ்தி, அதான் அவகிட்ட தள்ளிட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "தள்ளலம்மா, தலையில கட்னாரு! மாநாட்டுக்குப் போறப்பலாம் எனக்குத்தான் வெயிலு, இவருக்கு என்னா?" என்றாள்.

"உங்க மனசுக்கு எது நெருக்கம்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள் பவானி.

"மனசுக்கா?" ராமாமிர்தம் குழம்பிப்போனார். "அதை யாரும்மா இதுக்குள்ள இழுக்கறது?"

இதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'கட்சிப் பற்றால் சிதறும் குடும்பங்கள்' என்று ஒரு தனி அத்தியாயம் பிறந்தது. ஒரே கூரையின் கீழ் மூன்று கொடிகளுக்கிடையில் பேச்சுவார்த்தை அற்று வாழும் கணவன், மனைவி, தம்பி. அவர்களைச் சேர்த்துவைக்க ஒரு ஆலோசகரையும் அனுப்பினார். மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு அவருக்கு மூன்று தடவை காபி கொடுத்ததில், இந்த நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அவர் அறிக்கை எழுதினார்.

பவானியின் நாற்பதில் முப்பத்தொன்பது முடிந்தது. மாவட்டத்தின் நானூறில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு எண். நூற்றுப் பதினேழு.

அந்த எண்ணுக்குப் பெயர் இருசம்மாள். கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில், மார்க்கெட் வாசலுக்கு வலப்பக்கம், முதல் ஆளாக உட்கார்ந்து கருவாடு விற்கிறவள். நெத்திலி ஒரு சாக்கில், வாளை ஒரு சாக்கில், சுறா தனியாகத் தார்ப்பாயில். பவானி முதல் தடவை போய்க் கேள்வியைப் படித்தபோது இருசம்மாள் ஈ ஓட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "நெத்திலி எவ்ளோ போட?" என்றாள்.

"இல்ல பெரிம்மா, எந்தக் கட்சின்னு..."

"காக் கிலோ போடறேன். மணலு இல்லாத சரக்கு."

பவானி காலிக் கட்டத்தோடும் கால் கிலோ நெத்திலியோடும் திரும்பினாள். ஒருவர் சொல்லவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாமே என்று நாமெல்லாம் நினைப்போம். நடுவத்தில் அது மகாபாவம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுத்த ஆளை மாற்றினால் நானூறும் கெட்டுப்போகும்.

சிலம்பரசன் மீசையை நீவிக்கொண்டு பைக்கில் கிளம்பினான். "தங்கச்சி, கேக்கற விதத்துல கேக்கணும். நீ பாரு" என்றான். போய், "இன்னா அத்தே, சௌக்கியமா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினான். அரைக் கிலோ வாளையோடு திரும்பினான். பிறகு குடும்ப ஆலோசகர் போனார், சுறா வாங்கிவந்தார். பிறகு நடுவத்தின் புள்ளியியல் நிபுணர் போனார். அவர் சுத்த சைவம். என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவர் பெட்டியிலிருந்து இறால் கருவாடு வெளியே வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் எல்லாவற்றையும் நடுவத்தின் கோப்பு அலமாரியில் வைத்ததில், கீழே பாத்திரக் கடைக்காரர் மேலே வந்து, "இங்க என்ன சார் அளக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"அந்த அம்மையார் எதை மறைக்கிறார்? ஒருவர் மறைக்கிறார் என்றால் அங்கே ஒன்று இருக்கிறது என்று பொருள். இல்லாததை யாராவது மறைப்பார்களா? ஆகவே அவருடைய பற்று நானூறு பேரிலும் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். அது எதன்மேல் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வெளியீடு. அதற்குள் தெரிய வேண்டும்." பிறகு பவானியைப் பார்த்தார். "உன் நிரந்தர உத்தரவைத் தட்டச்சுச் செய்துவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை."

அந்த வாரம் முழுக்கப் பவானி மார்க்கெட் வாசலிலேயே இருந்தாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்திருந்தது. வெயில் ஏற ஏறக் கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். பஸ் வந்தால் எழும் புழுதிக்குத் தார்ப்பாயை இழுத்து மூடினாள். இருசம்மாள் டீ குடிக்கப் போனால் சரக்கைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இருசம்மாளே பேச்சை எடுத்தாள்.

"அதை நான் சொல்லாங்காட்டி ஒனக்கு இன்னா ஆவும் பாப்பா?"

"வேலை போயிடும் பெரிம்மா."

"போனா?"

பவானி தன் அம்மா விரல்களைப் பற்றிச் சொன்னாள். தனக்குப் பேசி வைத்திருக்கும் இடத்தைப் பற்றியும் சொன்னாள். இருசம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"மூணு வருசத்துக்கு மின்ன இதே மாதிரி ஒரு பொண்ணு வந்துச்சு. கையில பேப்பரு, வாய் நெறயச் சிரிப்பு. கேட்டுச்சு, நானும் வெள்ளந்தியாச் சொல்லிட்டேன். அப்ப மார்க்கெட்டுக் குத்தகை ஊஞ்சல்காரன்கிட்ட. ஒரே வாரத்துல என்னை வாசல்லருந்து தூக்கி, மீன் கழுவற தண்ணி ஓடுதே, அந்தச் சாக்கடையோரம் ஒக்கார வெச்சான். அங்க ஒரு பொழுதுல கருவாடு நமுத்துப்போவும். ரெண்டு வருசம் பாப்பா. அழுகின சரக்கைக் கடல்ல கொட்டிக் கொட்டி வந்தேன். இப்பக் குத்தகை குடைகாரன் சின்னையன்கிட்ட. கால்ல வியுந்து வாசலுக்கு வந்துருக்கேன். நாளைக்கு சீப்புக்காரன் எடுப்பான். நான் எதைச் சொன்னாலும் எவனாவது ஒருத்தனுக்கு ஆவாது. அதான் கட்சின்னு எவன் வந்தாலும் கருவாட்டைக் குடுத்து அனுப்பிடறது."

பவானி தார்ப்பாய் நுனியைச் சரிசெய்தாள்.

"பேரு வெளிய போவாதுன்னியே, நெஜமா?"

"போவாது பெரிம்மா. எண்ணு மட்டுந்தான்."

"நீ சொன்னா நம்பறேன். காதக் குடு."

இருசம்மாள் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் நாளைக்கே ஓ.டி. வரைக்கும் போய்விடும். எந்தக் கட்சி, எதனால் அந்தக் கட்சி, எந்த வருஷத்திலிருந்து, எப்போது அதன்மேல் கோபம் வந்தது, வந்தும் ஏன் விடவில்லை என்று பஸ் மூன்று வந்துபோகும் நேரம் சொன்னாள். படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அது அடங்காது என்று பவானிக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சிலம்பரசனிடம், "சொல்லிட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவன் குதித்தான். இயக்குநர் அதைவிட உயரமாகக் குதித்தார். படிவத்தில் எழுத வேண்டாம் என்று உத்தரவிட்டார். நானூறாவது கட்டம் மேடையிலேயே, மக்கள் முன்னால், நேரலையில் நிரம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம். பின்கட்டில் சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் தயாராகிக்கொண்டிருந்த வாசனை. முன்வரிசை சோபாக்களில் மூன்று கட்சியின் பிரமுகர்களும் கட்சிக்கு இத்தனை பேர் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஊதாக்கரை வேட்டிகளுக்கு நடுவில், தங்கச் சங்கிலி தெரியச் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு ஓ.டி. சின்னையன் இருந்தார்.

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நாங்கள் நடுநிலையாளர்கள். அதனால்தான் இந்த அறிக்கையை மூன்று கட்சிக்கும் ஒரே நேரத்தில், ஒரே கனத்தில் கொடுக்கிறோம். எந்தத் தெருவில் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே கட்சிகள் மக்களை நெருங்க முடியும்? பற்று இல்லாத தெருவில் போய் விளக்குப் போடுவானேன்? ஓட்டு இல்லாத ஊரில் பாலம் எதற்கு? இத்தனை வருடம் இருட்டில் செய்துகொண்டிருந்ததை இனி நீங்கள் விஞ்ஞான முறைப்படி செய்யலாம்!"

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. மூன்று கட்சியும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து கைதட்டியதை நடுவத்தின் புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார்.

"இப்போது நானூறாவது கட்டம்" என்றார் இயக்குநர். மேடைக்குப் பின்னால் பெரிய திரை ஒளிர்ந்தது. பவானி திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

'எண் 117. கடலூர் ஓ.டி. மார்க்கெட் வாசல், வலப்புறம், முதல் கடை. பெண். வயது 58. கருவாடு. பற்று:' அதற்குப் பிறகு ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது.

"அட, நம்ம இருசம்மா!" என்றார் சின்னையன்.

"பெயர் சொல்லக் கூடாது ஐயா. விஞ்ஞானம்" என்று இயக்குநர் விரலை ஆட்டினார். மண்டபம் சிரித்தது. சின்னையனும் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அடுத்த சோபாவில் ரோஸ்கரைக்காரர் தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். சீப்புக் கட்சிக்காரரிடம் பேனா இல்லை, செல்போனை எடுத்தார்.

"இவர்தான் நம் கள ஆய்வாளர் செல்வி பவானி. ஒன்பதாம் வகுப்பு. எல்லாரும் தோற்ற இடத்தில் வென்றவர்." இயக்குநர் ஒரு உறையைத் தூக்கிக் காட்டினார். "இது இவருடைய நிரந்தரப் பணி உத்தரவு. இதோ, உங்கள் முன்னால் கையெழுத்திடுகிறேன்." கையெழுத்திட்டு மேசையில் வைத்தார். மைக்கைப் பவானியின் வாய்க்கு நேராகத் தாழ்த்தினார். "சொல்லம்மா. நூற்றுப் பதினேழு எந்தக் கட்சி?"

பவானி உறையைப் பார்த்தாள். பிறகு முன்வரிசையில் தயாராக இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். பொய்யாக ஒன்றைச் சொன்னாலும் மூன்றில் இரண்டு பேர் அதைக் குறித்துக்கொள்வார்கள். இருசம்மாள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு சாக்கடையோரம் போவது இந்த வருஷமா, குத்தகை மாறுகிற வருஷமா என்பதில்தான் வித்தியாசம்.

"கூச்சப்படுகிறார்" என்று இயக்குநர் கூட்டத்துக்குச் சொன்னார். "குடையா? தலையசைத்தால் போதும். ஊஞ்சலா? சீப்பா?"

பவானியின் தலை அசையவில்லை.

சிலம்பரசன் மேடையோரமாக வந்து, "சொல்லிடு தங்கச்சி, ஒரு வார்த்தைதான" என்று கிசுகிசுத்தான். இயக்குநர் மைக்கைக் கையால் பொத்தினார். முகத்தில் சிரிப்பு மாறாமல், பல்லுக்கிடையில் பேசினார். "ஏதாவது ஒன்றைச் சொல்லம்மா. எதுவாயிருந்தால் என்ன? கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கொத்சு ஆறுகிறது."

பொத்திய கை சரியாகப் பொத்தாததால் இது மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக முன்வரிசையில் யாருக்கும் தோன்றவில்லை.

பவானி கழுத்தில் மாட்டியிருந்த நடுவத்தின் அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை நிதானமாகச் சுற்றி, உறையின்மேல் வைத்தாள். மேடைப் படியில் இறங்கினாள். ஊதாக்கரை, ரோஸ்கரை எல்லாம் காலை மடக்கி வழிவிட்டன. பின்னால் மைக்கில் அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வாசலில் கிடந்த நூறு ஜோடிச் செருப்பில் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.